கலங்காமல் ஒரு படம்

ஏழு படம் எடுத்திருந்தார். ஏழிலும் பிள்ளைக்குத் தலை இல்லை.

தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழுப்புக் கோடு ஓடியது. கை இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து கைகள் இருந்தன. முதுகில் இருந்த பதினொன்று என்ற எண் ஒரு படத்தில் ஆயிரத்து நூற்றுப் பதினொன்று மாதிரி நீண்டு கிடந்தது.

"இதுல நம்ம பொண்ணு எங்க?" என்றாள் மனைவி.

"நடுவுல ஓடுதே, அதுதான்."

"என்ன படங்க இது? எல்லாம் ஒரே கலங்கலா இருக்கு."

லிஃப்ட் மெக்கானிக், கேமராவிலிருந்து படங்களை ஏற்றியிருந்த செல்போனை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். எப்படிச் சாய்த்தாலும் பிள்ளைக்குத் தலை வரவில்லை.

ஆஸ்பத்திரி அறையில் பகலிலும் திரையை இழுத்து மூடி வைத்திருந்தார்கள். அவளுடைய தலைக்குள் வளர்ந்த கட்டிக்கு வெளிச்சம் ஆகவில்லை. இனிமேல் வைத்தியம் இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே கிடந்தார் மெக்கானிக். எழுந்து போனால் அந்த நேரம் பார்த்து ஏதாவது ஆகிவிடும் என்று பயம். அவளோ சனிக்கிழமையானால் அவரை விரட்டினாள்.

"மத்தியானம் அவளுக்கு மேட்ச். என்னால போக முடியாது. நீங்க போய் எடுத்துட்டு வாங்க."

மேட்ச் முடிந்ததும் படங்களை நர்சின் போனுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பதும் அவள் போட்ட உத்தரவுதான். அவர் சிறுமியோடு பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள், நர்ஸ் காட்டி அவள் பார்த்து முடித்து, குறைகளோடு தயாராகப் படுத்திருப்பாள்.

சிறுமி மனைவியின் முதல் கல்யாணத்துப் பெண். இவர் வந்தபோது எட்டு வயது, இப்போது பன்னிரண்டு. 'அப்பா' என்ற சொல்லை உயிரோடு இல்லாத ஒருவர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டு போயிருந்தார். 'அங்கிள்' என்று கூப்பிட அம்மா விடவில்லை. அதனால் நாலு வருஷமாக அவள் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "சாப்பாடு ரெடியாம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். "ஸ்கூல்ல கையெழுத்துக் கேட்டாங்க" என்று மேசையிடம் சொல்வாள். அவரும் லிஃப்ட் குழிக்குள் தனியாக வேலை பார்த்தே பழகியவர். சுவருக்கும் மேசைக்கும் அவரே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை கேமராவைத் தூக்கிக்கொண்டு கேமராக் கடைக்குப் போனார். கடைக்கார அம்மாள் ஏழு படத்தையும் பார்த்துவிட்டு, "பேய்ப் படமா?" என்று கேட்டாள்.

"பாஸ்கெட்பால். ஸ்கூல் ஹால். எட்டு லைட்டுல மூணுதான் எரியுது. ஃபிளாஷ் போடக் கூடாதாம்."

"ஓ, அதான். உங்க லென்ஸ் தூரத்தை நல்லா இழுக்கும். ஆனா வாய் சின்னது. இங்க பாருங்க, அஞ்சு புள்ளி ஆறு. இந்த நம்பர் குறையக் குறைய வாய் பெருசாகும். வெளிச்சம் நிறைய உள்ள போகும். அப்பதான் சட்டுனு திறந்து சட்டுனு மூடலாம், ஓடுற பிள்ளை உறைஞ்சு நிக்கும்."

"நம்பர் குறைஞ்சா பெருசாகுமா? எங்க லிஃப்ட்டுல நம்பர் குறைஞ்சா கீழ போகும்."

"முதல்ல இருக்கறதை வெச்சே பாருங்க. கேமராவுல ஐஎஸ்ஓன்னு ஒண்ணு இருக்கு, அதை ஏத்துங்க. கொஞ்ச வெளிச்சமே போதும்."

ஏற்றினார். எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாதவர், கடைசிவரை ஏற்றினார். அந்தச் சனிக்கிழமை பிள்ளைக்குத் தலை வந்தது. ஆனால் அம்மை போட்ட மாதிரி உடம்பெல்லாம் புள்ளி.

"யாரோ மணலை அள்ளித் தூவுன மாதிரி இருக்கு," என்றாள் மனைவி.

மறுபடியும் கடை. கடைக்கார அம்மாள் உள்ளே போய், குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி ஒரு லென்ஸைத் தூக்கி வந்தாள்.

"எழுபது - இருநூறு. ரெண்டு புள்ளி எட்டு. பெரிய ஆளுங்க இதைத்தான் வெச்சிருப்பாங்க. விலைக்கு வேண்டாம், வாடகைக்கு எடுத்துட்டுப் போங்க. கனம் ஜாஸ்தி, இந்த ஒற்றைக்கால் ஸ்டாண்டையும் வெச்சுக்குங்க."

ஹாலின் படிக்கட்டு இருக்கைகள் நன்றாக மெழுகித் துடைத்தவை. ஒற்றைக்கால் ஸ்டாண்டின் அடியில் ரப்பர் தேய்ந்திருந்தது. இரண்டாம் பகுதி ஆட்டத்தில் சிறுமி பந்தோடு ஓடி வர, மெக்கானிக் எழுந்து குறி பார்க்க, ஸ்டாண்டு முன்னால் வழுக்கியது. வாடகை லென்ஸைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஒரே நினைப்பில் அதை நெஞ்சோடு கட்டிக்கொண்டார். தன்னைப் பிடித்துக்கொள்ளக் கை மிச்சமில்லை. நாலு படியும் உட்கார்ந்தபடியே இறங்கினார். நடுவர் பயந்துபோய் விசில் ஊதிவிட்டார். ஆட்டம் நின்றது. சிறுமி மட்டும் அந்தப் பக்கமே திரும்பாமல் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். லேஸ் ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

விழும்போது விரல் பட்டனிலேயே இருந்திருக்கிறது. ஒன்பது படம் பதிவாகியிருந்தது. லென்ஸ் சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவு துல்லியம். எரியாத ஐந்து விளக்குகளில் எதெதற்கு வயர் பிய்ந்திருக்கிறது என்றுகூடத் தெரிந்தது.

"பொண்ணை எடுக்கச் சொன்னா லைட்டை எடுத்துட்டு வந்திருக்கீங்களே!" மனைவி சிரித்தாள். சிரித்தால் தலை வலிக்கும், இருந்தும் சிரித்தாள். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சலைன் பாட்டிலிடம் சிரித்தாள்.

நாலாவது வாரம் கடைக்கார அம்மாள் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு லென்ஸைக் கொடுத்தாள். "எண்பத்தஞ்சு. ஒண்ணு புள்ளி எட்டு. கனம் கிடையாது, வாய் ரொம்பப் பெருசு. ஒரே ஒரு விஷயம், இது தூரத்துல இருக்கறதை அவ்வளவா இழுக்காது. நீங்கதான் கிட்ட போகணும்."

போனார். கூடைக்கு நேர் கீழே, கோட்டை ஒட்டி மண்டி போட்டார். ஒரு நிமிஷம் பாக்கி. ஒரு புள்ளியில் பின்தங்கியிருந்தார்கள். தனியாக ஓடி வந்த சிறுமிக்குத் தோழி பந்தை வீசினாள். அந்த முகத்தைப் பிடித்துவிடலாம் என்று மெக்கானிக் இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். பந்து அவருடைய முன்மண்டையில் மோதி வெளியே போனது. விசில். பந்து எதிர் அணிக்கு. ஆட்டமும் அதோடு போனது.

பஸ்ஸில் ஐந்தாவது நிறுத்தத்தில் சிறுமி வெடித்தாள்.

"நீ எதுக்கு அங்க வந்து நின்னே? உனக்கு அறிவே இல்லையா? சும்மா கையில விழவேண்டிய பந்து!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. தான் சொன்னது காதில் விழுந்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மெக்கானிக் ஜன்னல் பக்கம் திரும்பினார். நெற்றி வீங்கியிருந்தது. நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவளுடைய பேச்சில் அவர் இருந்தார்.

"தப்புதான்," என்றார். "எங்க நிக்கணும்னு நீயே சொல்லேன்."

அவள் ஜன்னல் கண்ணாடித் தூசியில் விரலால் கட்டம் போட்டாள். "இங்க நில்லு. கோட்டைத் தாண்டாதே. நான் எப்பவும் இடது பக்கமாத்தான் வருவேன். குதிச்சு மேல போனதும் ஒரு நொடி அப்படியே நிப்பேன். அப்ப அமுக்கு. முன்னாடி அமுக்கினா ஆடும். பின்னாடின்னா கீழ வந்துடுவேன்."

ஆஸ்பத்திரியில், சிறுமி தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து மெக்கானிக் நடந்ததைச் சொன்னார்.

"என்ன சொன்னா? அப்படியே திருப்பிச் சொல்லுங்க," என்றாள் மனைவி.

"'நீ எதுக்கு அங்க வந்து நின்னே'ன்னா. அறிவு இல்லையான்னும் கேட்டா."

அவள் கண்ணோரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. மெக்கானிக் பதறி எழுந்தார். "வலிக்குதா? நர்ஸைக் கூப்பிடட்டுமா?"

"வலியெல்லாம் இல்ல. படம்தான் சரியில்ல. முகம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கு. அடுத்த வாரமும் போங்க."

அதன் பிறகு ஆஸ்பத்திரி நடைபாதையிலேயே ஒத்திகை நடந்தது. அங்கும் பாதி விளக்கு எரியாது, அதனால் வசதி. சிறுமி ஓடி வந்து குதிப்பாள், அவர் அமுக்குவார். "சீக்கிரம்!" "இப்ப லேட்!" என்று அவள் அதட்டுவது அறைக்குள்வரை கேட்கும். நர்ஸ் வந்து துரத்துவாள். ஐந்தாவது வாரம் வேறொரு பெண்ணின் முழங்கை மறைத்தது. ஆறாவது வாரம் பந்து முகத்தை மறைத்தது. மனைவியின் குரல் வாரத்துக்கு வாரம் சன்னமாகிக்கொண்டு வந்தது. குறை சொல்வது மட்டும் நிற்கவில்லை.

ஏழாவது வாரம் அந்தப் படம் விழுந்தது.

அரையிருட்டில் சிறுமி காற்றில் நிற்கிறாள். பந்து விரல்நுனியை விட்டு அப்போதுதான் கிளம்பியிருக்கிறது. கழுத்து வியர்வைகூடத் தெரிகிறது. கண் கூடையைப் பார்க்கிறது, உதட்டைக் கடித்திருக்கிறாள், அம்மா ஊசியில் நூல் கோக்கும்போது கடிப்பது மாதிரியே.

சின்னத் திரையின் மேல் இரண்டு தலையும் முட்டிக்கொண்டன.

"இதுல அம்மாவால ஒண்ணும் சொல்ல முடியாது," என்றாள் சிறுமி. "நர்ஸக்காவுக்கு அனுப்பாதே. பெருசா பிரிண்ட் போட்டு நாமளே கையில கொடுப்போம்."

கடையில் மெஷின் சூடாக அரைமணி நேரம் ஆனது. ஹாலில் சைலண்டில் போட்ட போன் சட்டைப் பையில் அப்படியே கிடந்தது. ஆஸ்பத்திரி வாசலில் எடுத்துப் பார்த்தபோது நர்ஸ் பதினாலு தடவை கூப்பிட்டிருந்தாள்.

அவர்கள் போனபோது திரையை விலக்கி, அறையில் வெளிச்சம் விட்டிருந்தார்கள். இனி அவளை அது ஒன்றும் செய்யாது. சிறுமி உறையைப் பிரிக்காமலே படத்தை அம்மாவின் கையருகில் வைத்தாள். பிறகு மெக்கானிக்கின் சட்டையைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வீடு திரும்பும்வரை விடவில்லை.

இரண்டு வாரம் கழித்து நர்ஸ் வீட்டுக்கு வந்தாள். அறையில் விட்டுப்போன சீப்பையும் சால்வையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வந்திருந்தாள். கூடத்தில் அந்தப் படம் மாட்டியிருந்தது. மெக்கானிக் நாற்காலியை நகர்த்திப் போட்டுவிட்டு, தானும் எதிரே உட்கார்ந்தார்.

"டீயில நீ எத்தனை ஸ்பூன் சக்கரை போட்டே?" என்று உள்ளேயிருந்து சிறுமியின் குரல் வந்தது. "வாயில வைக்க முடியலை!"

"கொட்டிட்டு வேற போடு, நானும் வரேன்," என்று குரல் கொடுத்துவிட்டு, அவர் எழுந்து போகாமல் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரிண்டுக்கு நிக்காம ஓடி வந்திருக்கணும் சிஸ்டர். இல்ல, உங்க போனுக்காவது அனுப்பியிருக்கணும். நல்லதா ஒண்ணே ஒண்ணு எடுத்தேன். அதை அவ பாக்கலை. ஆறு வாரமும் கலங்கினதையும் மறைஞ்சதையும் பாத்துட்டே போயிட்டா. அதுதான் என்னால தாங்க முடியலை."

நர்ஸ் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள். சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள்.

"சார், நீங்க முதல் படம் எடுக்கறதுக்கு முன்னாடியே அவங்களுக்குக் கண்ணு சுத்தமா போயிடுச்சு, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டு, 'இந்த வாரம் என்ன குறை இருக்குன்னு பாத்துச் சொல்லு, அப்பதான் அடுத்த வாரமும் ரெண்டு பேரும் சேந்து போவாங்க'ன்னு சனிக்கிழமை சனிக்கிழமை என்கிட்டதான் கேட்டுப்பாங்க."