ஒன்பதாவது ஆடு

எண்ணிப் பார்த்தால் ஒன்பது இருந்தது. சிங்காரவேல் மறுபடியும் எண்ணினார். அப்போதும் ஒன்பது. அவர் வாங்கியதோ எட்டு.

ஆடு குறைந்தால் திருட்டு என்று ஊரைக் கூட்டலாம். எண்ணிக்கை கூடினால் யாரிடம் போய்ச் சொல்வது? அதுவும் வெள்ளிக்கிழமை கால்நடை டாக்டர் வருகிறார். எட்டும் கலப்பில்லாத மெட்ராஸ் சிவப்புச் செம்மறிதான் என்று சான்றிதழ் தரப்போகிறார். சுரங்கக் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லியாயிற்று. ஆடுகளுக்கு நடுவே அவர் கைகட்டி நிற்கும் பிளக்ஸ்கூடத் தயார்.

முப்பது வருஷம் சுரங்கத்தில் பெர்மனென்ட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். சேத்தியாத்தோப்பு ரோட்டோரம் ஒரு ஏக்கர் வாங்கி, நாலு பிளாக்காகப் பிரித்து, மூன்று நாளைக்கொரு பிளாக் என்று ஆடுகளுக்கு ஷிப்ட் போட்டு மேய்த்தார். புல் முழங்கால் உயரம் நின்றது.

"வாங்கினப்பவே காதுல நம்பர் மாட்டச் சொன்னேன்" என்றாள் மனைவி கனகம்.

"உன் புள்ளைங்களுக்கு நம்பர் மாட்டியா வளத்தே? எனக்கு மூஞ்சியப் பாத்தாலே தெரியும்."

"அப்ப எது நம்புளுது இல்லைன்னு சொல்லுங்க."

சிங்காரவேல் ஒன்பது மூஞ்சியையும் பார்த்தார். ஒன்பதும் அசைபோட்டபடி அவரைப் பார்த்தன. கடைசியில் ஒன்றைக் காட்டினார். "இதுதான். முழியே சரியில்ல."

கேட்டைத் திறந்து விரட்டினார். ரோட்டோரம் கலியம்மாள் தன் இருபது ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தாள். விரட்டிய ஆடு ஓடிப்போய் அந்தக் கூட்டத்தில் கலந்தது.

"ஆட்டைப் பாத்து மேய்ம்மா!" என்று கத்தினார்.

"சரிங்க சார்."

மறுநாள் காலை மீண்டும் ஒன்பது. இந்த முறை கட்டைக்குரலில் கத்திய ஒன்றைப் பிடித்து வெளியே தள்ளினார். வேலியில்தான் ஓட்டை என்று முடிவு செய்து, நாள் முழுக்க முள் வெட்டி அடைத்தார். முள் கொண்டு வருவதற்காகக் கேட்டைத் திறந்தே வைத்திருந்ததால், சாயங்காலம் பத்து இருந்தது.

"நீங்க சரிபண்றத நிறுத்தினாலே பாதி சரியாப் போயிடும்" என்றாள் கனகம்.

"நீ சும்மா இரு. நம்ம ஆட்டுக்கு நம்ம புல்லோட ருசி தெரியும். கேட்டைத் திறந்து வுட்டா வெளியாளு தானாப் போயிடும், நம்புளுது நிக்கும். இது விஞ்ஞானம்."

புதன்கிழமை கேட்டை அகலத் திறந்துவிட்டு, செல்போனில் படம்பிடித்தபடி நின்றார். ஆறு ஆடுகள் வரிசையாக வெளியே போயின. கொஞ்ச நேரத்தில் நாலு உள்ளே வந்தன. வந்த வேகத்தில் புல்லில் தலையை விட்டவை நிமிரவே இல்லை.

எண்ணினார். எட்டு!

"பாத்தியா? வெளிய போனதுல நம்புளுது நாலும் திரும்பி வந்துடுச்சி!" கனகத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கேட்டுக்கு இரண்டு பூட்டு போட்டார். அந்த வீடியோ குவார்ட்டர்ஸ் வாட்ஸப் குழுவில் அறுபது கைதட்டல் வாங்கியது.

வெள்ளிக்கிழமை டாக்டர் சத்யா வந்தார். பல்லைப் பார்த்தார், காதை நீவினார், வாலைத் தூக்கினார். எட்டையும் முடித்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

"சார், இதுல ஒண்ணுகூட மெட்ராஸ் சிவப்பு இல்லையே."

சிங்காரவேல் ஓர் ஆட்டை இழுத்து முன்னால் நிறுத்தினார். "நல்லாப் பாருங்க மேடம்! ஒண்ணொண்ணா மூஞ்சி பாத்துப் பொறுக்கினது."

டாக்டரின் பார்வை வேலிக்கு வெளியே கலியம்மாளின் மந்தை மேல் போயிருந்தது. "அதோ, மெட்ராஸ் சிவப்புன்னா அந்த மாதிரி இருக்கணும். யாரோட ஆடும்மா அது?"

கலியம்மாள் கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு கேட்டருகே வந்தாள்.

"அது எட்டும் சாரோடதுதாங்க மேடம், நான் பத்திரமா பாத்துகினு இருக்கேன், எங்க ஆடு எட்டும் சாரோட நாலு பிளாக்கையும் மேஞ்சி முடிக்கட்டும், அப்பறமா மாத்திக்கலாம்."