அப்பாவுக்கும் மஞ்சள் காமாலை

எந்தத் தொழிலில் நாம் கெட்டிக்காரர் என்று ஊர் நம்புகிறதோ, அந்தத் தொழிலில்தான் ஒருநாள் மானம் போகும். என் தொழில் ஒளி. சிங்கப்பூரில் பூன் லே பக்கம் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் நிறம் அளக்கும் கருவிகளைப் பராமரிக்கிறேன். ஒரு பரப்பில் வெளிச்சத்தை அடித்து, எந்த நிறம் திரும்பி வரவில்லை என்று பார்த்தால், அதில் என்ன சாயம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். (விருந்துகளில் நான் இதை ஆரம்பித்தால் மனைவி கவிதா பாயசம் எடுத்துவரப் போய்விடுவாள்.)

மகள் யாழினி பிறந்த வாரம் அவளுக்கு மஞ்சள் காமாலை. பச்சைக் குழந்தைகளுக்கு வருவதுதான். ஆனால் அளவு மீறினால் மூளையைப் பாதிக்கும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து எங்களுக்குத் தூக்கமில்லை. தினமும் பாலிகிளினிக்கில் தாதி ஒரு சிறு கருவியை அவள் நெற்றியில் வைத்து ஒளி பாய்ச்சுவார். உடம்பில் ஏறிய மஞ்சள், நீல ஒளியை விழுங்கும். விழுங்கியது போக மிச்சத்தை வைத்துக் கருவி எண் காட்டும். பெயிண்ட் டப்பாவுக்கு நான் செய்வதும் இதேதான்.

ஒருநாள் காலை பயம் தாங்காமல் சிராங்கூன் சாலை அம்மன் கோயிலுக்கு ஓடினேன். மஞ்சள் காப்புப் பிரசாதம் கிடைத்தது. என் நெற்றி நிறையப் பூசிக்கொண்டேன். புக்கிட் பாத்தோக் வீட்டுக்கு வந்து, கவிதா குளிக்கும் நேரம் பார்த்துக் குழந்தைக்கும் குழைத்துப் பூசினேன். "குழந்தை மேல எதையும் தடவாதீங்க" என்று அவள் ஏற்கெனவே கண்டித்திருந்ததால், ஈரத்துணியால் இரண்டு நெற்றிகளையும் துடைத்தும் விட்டேன். தூள் போயிற்று, கறை போகவில்லை. மஞ்சளாகவே இருக்கும் குழந்தையிடம் யாருக்குத் தெரியப்போகிறது?

கருவிக்குத் தெரிந்தது. தாதி எண்ணைப் பார்த்தார். மறுபடி வைத்துப் பார்த்தார்.

"நேத்தவிட ரொம்ப ஏறியிருக்கு. உடனே ஹாஸ்பிட்டல் போகணும்."

கவிதா அழத் தொடங்கினாள். எனக்குள் இருந்த நிபுணர் விழித்துக்கொண்டார்.

"சிஸ்டர், மிஷின்லதான் கோளாறு. இது என் ஃபீல்டு."

"காலையிலதான் செக் பண்ணோம் சார்."

"அப்ப என் நெத்தியில வச்சுப் பாருங்க. எனக்கென்ன காமாலையா?"

இந்த ஆளோடு மல்லுக்கட்டுவதைவிட வைத்துவிடுவது மேல் என்று நினைத்தாரோ என்னவோ, வைத்தார். என் எண் மகளுடையதைத் தாண்டியது.

"நீங்களும் அட்மிட் ஆகணும் போல சார்," என்றார், சிரிக்காமல்.

கவிதா அழுகையை நிறுத்தினாள். என் நெற்றியைப் பார்த்தாள். மகளின் நெற்றியைப் பார்த்தாள்.

"கோயிலுக்குப் போனீங்களா?"

"அந்தப் பக்கம் ஒரு வேலையா..."

"இவளுக்கும் பூசினீங்களா?"

தலையாட்டினேன். மஞ்சள் தூளும் நீல ஒளியை விழுங்கும். (இதைத் தெரிந்து வைத்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.)

"அப்ப ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போலாம்ல?" என்று பையைத் தூக்கினேன்.

தாதி விடவில்லை. "இந்த நெத்திய இனி நம்ப முடியாது லா. ரத்தம் எடுத்துப் பார்த்துடுவோம்."

குதிகாலில் குத்தியதும் மகள் வீறிட்டாள். கவிதா என் பக்கம் திரும்பவே இல்லை. முடிவு வந்தபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கறை அதிகப்படுத்திக் காட்டியது உண்மைதான். ஆனால் ரத்தத்திலும் காமாலை நிஜமாகவே ஏறியிருந்தது.

அன்றே மருத்துவமனையில் மகளை நீல விளக்கின் கீழ் படுக்கவைத்தார்கள். அந்த ஒளி தோலுக்குள் புகுந்து மஞ்சளின் உருவை மாற்ற, அது கொஞ்சம் கொஞ்சமாக உடம்பை விட்டு வெளியேறியது. கண்ணை மூடிக் கட்டிக்கொண்டு, செந்தோசா கடற்கரையில் வெயில் காய வந்தவள் மாதிரி கிடந்தாள். அந்த விளக்கைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. கும்பிட்டேன்.

நான் பூசாமல் இருந்திருந்தால் கருவி என்ன காட்டியிருக்கும் என்று இன்றுவரை தெரியாது. அம்மன் காப்பாற்றினாள் என்பேன் நான். தாதி காப்பாற்றினார் என்பாள் கவிதா. எங்களை வீட்டுக்கு விடாத அந்தத் தாதியை நினைக்காமல் மகளின் ஒரு பிறந்தநாளும் போனதில்லை.

யாழினிக்கு இப்போது எட்டு வயது. போன வாரம் அவளுக்குக் காய்ச்சல். கவிதா வெப்பமானியை நெற்றிக்குக் கொண்டுபோனதும், போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"முதல்ல அப்பாவுக்கு வச்சுப் பாரும்மா."

நெற்றியைக் காட்டினேன்.