நட்டநடுவில் நின்ற டிராக்டர்

இராமநாதபுரம் சுற்றுவட்டாரத்தில் டிராக்டரோடு தோட்டத்துக்குள் போகத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். வெளியே வரத் தெரியாத ஒரே டிரைவர் எங்கள் நட்டநடு அண்ணன்தான்.

பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. மினி டிராக்டரின் பின்னால் பாத்தி அணைக்கிற கலப்பையை மாட்டிக்கொண்டு வேலியோரம் தொடங்குவார். சதுரத்துக்குள் சதுரமாக, எங்கும் வழி விடாமல், முழங்கால் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி எழும்பும். எங்கள் பக்கம் மழை பெய்தால் தண்ணீர் தேங்கிச் செடி அழுகிவிடும் என்பதால் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவோம். கடைசிச் சதுரம் முடிந்ததும் பார்த்தால், நட்டநடுவில் வண்டியும் அவரும் நிற்பார்கள். போட்ட பாத்தி மேல் டயரை ஏற்ற மனசு வராது.

திருப்புல்லாணி வாத்தியார் தோட்டத்தில் அப்படி நின்ற வண்டி, கத்தரி பூக்கும்வரை நின்றது. சீட்டுக்கு அடியில் கோழி குஞ்சு பொரித்தது. "குஞ்சு நடக்கட்டும் சார், எடுத்துருவோம்" என்று அதற்கும் தவணை சொன்னார்.

போன ஐப்பசியில் எங்கள் மிளகாய்த் தோட்டம். எங்கள் வீட்டில் காலேஜ் வரை போன முதல் ஆள் நான். படித்தவன் சொன்னால் கேட்பார் என்று நம்பினேன்.

"அண்ணே, நடுவுல ஆரம்பிச்சு ஓரத்துக்கு வாங்களேன்."

"கோயிலுக்குப் போறவுக நேரா கருவறைக்குள்ளயா தம்பி குதிப்பாக? பிரகாரஞ் சுத்தித்தானே உள்ள போகணும்?"

"சரிண்ணே, வெளிய வரணும்ல?"

"சாமி பாத்துக்கிரும்."

அன்றும் வண்டி நட்டநடுவில்தான் நின்றது. சாமி வருவதற்கு முன்னால் டிராக்டர் முதலாளி கடலாடியிலிருந்து பைக்கில் வந்துவிட்டார்.

"ஏலே, ஈரங் காயுறதுக்குள்ள இன்னும் எத்தன தோட்டம் கெடக்கு! வண்டி இப்ப வெளிய வரல, நாளையிலருந்து வேலைக்கே வராத!"

வேலியோரம் கூட்டம் சிரித்தது. அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏத்திட்டுப் போப்பா. மண்ணுதானே, நான் அணைச்சுக்கிருவேன்."

அண்ணன் டயரைப் பார்த்தார், பாத்தியைப் பார்த்தார். "ஈரத்துல டயர் ஏறுனா மண்ணு இறுகிப்போகும் சின்னம்மா. அங்கன வேர் எறங்காது" என்றார். பாத்திகளைத் தாண்டித் தாண்டி வந்து சாவியை முதலாளி கையில் கொடுத்தார்.

முதலாளி எல்லாப் பாத்தியையும் நசுக்கிக்கொண்டு வண்டியை வெளியே கொண்டுவந்தார். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் எங்கள் மண்வெட்டியை வாங்கி, டயர் ஏறிய இடத்தையெல்லாம் கொத்திப் பொலபொலவென்று பழையபடி அணைத்துவிட்டு, "வாரேன் சின்னம்மா" என்று கிளம்பினார். வரவில்லை. இராமேஸ்வரத்தில் மீன் பெட்டிக்கு ஐஸ் உடைத்துப் போடுகிறாராம்.

இந்த ஐப்பசிக்குப் புது டிரைவர் வந்தார். கெட்டிக்காரர். நடுவில் தொடங்கி ஓரத்தில் முடிக்கிறவர். வேடிக்கை பார்க்க வேலியோரம் ஒருத்தர்கூட வரவில்லை. அவர் கலப்பையை இறக்கப் போகும்போது அம்மா கையை நீட்டி நிறுத்தினாள்.

"நடுவுல கொஞ்சம் எடம் விட்டுட்டு ஆரம்பிப்பா."

"எதுக்கும்மா?" என்றேன்.

"அவன் வந்தா வண்டிய எங்கன நிறுத்துவான்?"