ஆயில் குறையாத குற்றம்

டாபியோலா, மிஷிகன்
நவம்பர் 19

அன்புள்ள மைத்துனன் வெய்க்கோவுக்கு, உன் அக்கா புருஷன் ரெய்னோ ஹாப்பாலா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் எய்லாவும் நலம் என்று தொடங்குவதுதான் மரியாதை. எய்லா நலம். உன் முழங்காலும் மேரியின் ரத்த அழுத்தமும் சொன்னபடி கேட்கின்றன என்று நம்புகிறேன். போன மாதம் பதினொரு வருஷத்துக்குப் பிறகு உன் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் செய்த உபசாரத்துக்கு நன்றி எழுதச் சொல்லி எய்லா நச்சரித்துக்கொண்டே இருந்தாள். நன்றி. மீன் நன்றாக இருந்தது. இனி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வந்தது உன்மேல் இருந்த பாசத்தால் அல்ல, காருக்காக. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஏலக்காய் ரொட்டியை வெண்ணெயோடு தட்டில் வைத்து நீட்டுகிற உன் மேரியிடம் அதை எப்படிச் சொல்வது?

என் கார் ஆயில் குடிக்கிறது. அறுநூறு மைலுக்கு ஒரு பாட்டில் இன்ஜின் ஆயில். தரையில் ஒரு சொட்டு இல்லை. ஒழுகினால் அந்த இடத்தைப் பார்த்துத் திட்டவாவது செய்யலாம். இது உள்ளேயே எரித்துவிட்டுப் பின்னால் நீலப் புகையாக விடுகிறது. முப்பத்தொரு வருஷம் கவுண்டி நிர்வாகத்தின் பனி அள்ளும் லாரிகளுக்கு மெக்கானிக்காக இருந்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் வண்டியைக் கிளப்பினால் பாஸ்டரின் மனைவி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏன் ரெய்னோ, அந்த லாரிங்களையும் நீதான் பாத்துக்கிட்டியா?" என்று கேட்கிறார். நான் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன், வேறென்ன செய்ய?

ஐந்து வருஷ வாரண்டி இந்த நவம்பர் பன்னிரண்டாம் தேதியோடு முடிவதாக இருந்தது. புது இன்ஜின் சொந்தக் காசில் போட என் பென்ஷன் தாங்காது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் என் மகள் கிறிஸ்டின் மினியாபோலிஸிலிருந்து போன் செய்து தீர்ப்பே சொல்லிவிட்டாள். "அப்பா, ஆஸ்பத்திரிக்கு இருபது மைல். பனியில நடுரோட்டுல வண்டி நின்னுபோனா உங்க ரெண்டு பேரையும் ஏப்ரல்லதான் தோண்டி எடுக்கணும். வாரண்டில இன்ஜின் மாத்திக் குடுத்தாங்கன்னா அங்கேயே இருங்க. இல்லன்னா வீட்டை வித்துட்டு இங்க வாங்க. எங்க கட்டடத்துல மூணாவது மாடி காலியா இருக்கு." மூன்றாவது மாடி, வெய்க்கோ! இந்த வீட்டை நான் என் கையால் கட்டினேன். ஆவியில் வேர்த்துக் குளிக்கிற சவுனா அறையின் ஒவ்வொரு பலகையும் நான் இழைத்தது. இன்ஜின் போனால் எனக்கு வீடு போகிறது. எய்லா என்ன சொல்கிறாள் என்று பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நம் ஃபின்லாந்து ஆட்கள் பேசாமல் இருந்தால் சம்மதம் என்றுதானே அர்த்தம், ஆகவே நான் இன்ஜின் கேட்கக் கிளம்பினேன்.

ஹாட்டனில் கார் வாங்கிய ஷோரூமில் சர்வீஸ் மேனேஜர் பொசானிக் என்று ஒருவர். தங்கமான மனுஷன், அதுதான் தொல்லையே, திட்டக்கூட வாய் வரவில்லை. "ஆயில் மாத்தினதுக்கு ரசீது வேணும் மிஸ்டர் ஹாப்பாலா" என்றார். எனக்கு நானே ரசீது கொடுத்துக்கொள்வதா? நான் வழக்கமாகத் தேதியையும் மைலையும் கராஜ் சுவரில் பென்சிலால் எழுதுவேன். "சுவர்ல இருக்கு" என்றேன். "சுவரை நான் ஃபைல்ல வைக்க முடியாதே" என்றார். நான் வீட்டுக்கு வந்து ரம்பத்தை எடுத்து அந்தப் பலகையை அறுத்து, எய்லா ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாகத் தூக்கி, அவருடைய மேஜைமேல் கொண்டுபோய் வைத்தேன். அவர் அதை இரண்டு நிமிஷம் பார்த்தார். பிறகு அதன் நடுவில் ரசீது முத்திரையைக் குத்தினார். கராஜில் அந்த ஓட்டை வழியாக இப்போதும் காற்று வருகிறது.

அடுத்தது சோதனை. இதுதான் இந்தக் கம்பெனிகளின் வழிமுறை. அவர்களே ஆயிலை அளந்து நிரப்பி, ஆயில் மூடியின்மேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார்கள். ஆயிரம் மைல் ஓட்டிவிட்டு வர வேண்டும். ஒரு பாட்டிலுக்குமேல் குறைந்திருந்தால் இன்ஜின் மாற்றித் தருவார்கள். அதற்குள் குறைந்தால் இயல்பு என்று கைகொடுத்து அனுப்பிவிடுவார்கள். நடுவில் மூடியைத் திறக்கக் கூடாது, ஆயில் மட்டம் காட்டும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கவும் கூடாது. ஐம்பது வருஷமாகத் தினம் காலையில் டிப்ஸ்டிக் பார்த்தவன் நான். பல் தேய்க்க மறந்ததுண்டு, இதை மறந்ததில்லை. முதல் வாரம் தினம் காலையில் பானட்டை வெறுமனே திறந்து பார்த்துவிட்டு மூடுவேன். "பொணத்தைப் பாக்குற மாதிரி நிக்காத, உள்ள வா" என்பாள் எய்லா.

கையில் இருந்ததோ மூன்று வாரம், எங்களுக்குப் போக இடமோ தேவாலயமும் மளிகைக் கடையும். அப்படிப் போனால் ஆயிரம் மைலுக்கு அடுத்த கோடை வந்துவிடும். வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தேன். அயர்ன்வுட்டில் என் சித்தப்பா மகன் எல்மர், எஸ்கனாபாவில் எய்லாவின் அத்தை ஹெல்வி, சூ நகரத்தில் நீ. போக வரச் சேர்த்து ஆயிரத்து ஐம்பது மைல், எனக்காகவே அளந்து குடிவைத்த மாதிரி. இப்படித்தான் பதினொரு வருஷம் நாங்கள் எட்டிப் பார்க்காத சொந்தக்காரர்களையெல்லாம் பத்தொன்பது நாளில் பார்த்தோம். மூன்று வீட்டிலும் கதவைத் திறந்ததும் ஒரே கேள்விதான்: "யார் செத்துப்போனா?" நீயும் அதையேதான் கேட்டாய். எல்மர் கூடுதலாக, "நீ வர்றது ஒரு மைல் முன்னாடியே தெரிஞ்சிருச்சு, நாய் தும்ம ஆரம்பிச்சிருச்சு" என்றான். மூன்று வீட்டிலும் சவுனாவைச் சூடாக்கினீர்கள், வழக்கப்படி ஆண்களை முதலில் அனுப்பினீர்கள். ஹெல்வி வீட்டில் வேறு ஆண் இல்லாததால் நான் தனியாக வெந்தேன்.

நவம்பர் பத்தாம் தேதி வண்டியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பொசானிக் தொங்கிய முகத்தோடு வெளியே வந்ததைப் பார்த்து இன்ஜின் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

"மிஸ்டர் ஹாப்பாலா, ஆயில் குறையல."

"கொஞ்சம்தான் குறைஞ்சிருக்கா?"

"இல்ல. கால் பாட்டில் கூடியிருக்கு."

நான் எழுந்து நின்றேன். "கூடியிருக்கா?"

"ஆமா சார். இந்த வண்டி ஆயில் குடிக்கல, கறக்குது. நான் இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன், இப்பதான் பாக்குறேன்." பிறகு மூடியைக் காட்டினார். மஞ்சள் ஸ்டிக்கரின் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. "யாரோ திறந்து ஊத்தியிருக்காங்க. அதனால சோதனை செல்லாது."

"ஏம்ப்பா, ஏமாத்துறவன் ஆயிலை உறிஞ்சி வெளியதானே எடுப்பான்? எவனாவது தன் தலையில தானே மண்ணை அள்ளிப் போட்டுக்குவானா?"

"அது எனக்கும் புரியல சார். ஆனா ஃபாரத்துல எடுத்தாலும் ஊத்தினாலும் ஒரே கட்டம்தான். அதுல நான் டிக் அடிச்சாகணும்."

அடித்தார். எனக்காக வருத்தப்பட்டுக்கொண்டே அடித்தார். நான் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு மூன்று தடவை போன் செய்து, மொத்தம் நான்கு மணி நேரம் லைனில் காத்திருந்து பியானோ கேட்டேன். கடைசியில் ஒரு பெண் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னாள். ஊற்றியவர் யார், எத்தனை பாட்டில் என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் அந்த அளவைக் கழித்துவிட்டு மறுபடி பார்ப்பார்களாம். நவம்பர் முப்பதுக்குள் போய்ச் சேர வேண்டும். கழித்துப் பார்த்தால் இன்ஜின் எனக்குத்தான், சந்தேகமே இல்லை.

இதில்தான் என் தலைவிதி இருக்கிறது, வெய்க்கோ. வேறு யாருடைய சொந்தக்காரர்களாக இருந்தாலும் இதற்குள் நாலு கையெழுத்து வந்திருக்கும். நம் ஆட்கள் நல்லது செய்துவிட்டு அதை ஒப்புக்கொள்வதைத் திருட்டை ஒப்புக்கொள்வதைவிடக் கேவலமாக நினைப்பவர்கள். என் இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வருஷமாக எங்கள் கூரைமேல் விழும் பனியை யாரோ தள்ளிவிட்டுப் போகிறான். இன்றுவரை யார் என்று தெரியாது. ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரனிடம் நன்றி சொன்னேன், அவன் இரண்டு வருஷம் என் முகத்தில் முழிக்கவில்லை. விருந்துக்கு வந்தவன் சவுனாவில் இருக்கும்போது அவன் வண்டி பானட்டைத் தூக்கிப் பார்த்து, குறைந்திருப்பதை ஊற்றிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாததுபோல வந்து உட்காருவது நமக்கெல்லாம் ரத்தத்தில் ஊறினது. நானே எத்தனை பேருக்குச் செய்திருக்கிறேன்! அதையும் இதோ இப்போதுதான் முதல்முறையாக வெளியே சொல்கிறேன், கூச்சமாக இருக்கிறது.

எல்மருக்குப் போன் செய்தேன். "என் வண்டியில ஆயில் ஊத்தினியா?" தொண்டையைச் செருமினான். "இல்லையே" என்றான். மறுபடி செருமினான். "ஏன், குறைஞ்சிருந்துதா?" என்றான். "ஊத்தியிருந்தா சொல்லுடா, எனக்குப் பெரிய உபகாரமா இருக்கும்" என்றேன். "ஊத்தியிருந்தாலும் வெளிய சொல்லிக்கிட்டுத் திரியுற ஆளா நான்? எங்கம்மா என்னை அப்படி வளக்கல" என்று போனை வைத்துவிட்டான். ஹெல்வி அத்தைக்கு எண்பத்து நான்கு வயது. "எனக்கு பானட்டைத் திறக்கவே தெரியாது கண்ணு" என்றாள். சரி என்று வைக்கப் போனேன். "ஆனா நான் ஊத்தியிருந்தா மட்டமான ஆயில் ஊத்தியிருக்க மாட்டேன்" என்றாள். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மிச்சம் இருப்பது நீ. என்னிடம் சாட்சியம் இருக்கிறது. அன்று சவுனாவிலிருந்து விறகு எடுக்கிறேன் என்று இரண்டு முறை வெளியே போனாய். இரண்டாம் முறை விறகில்லாமல் வந்தாய். உன் கராஜில் என் வண்டிக்குப் போடும் அதே தரத்து ஆயில் ஒரு பெட்டி இருந்ததை நான் பார்த்தேன். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. கெஞ்சுகிறேன். இத்துடன் ஃபாரம் வைத்திருக்கிறேன். எல்லாக் கட்டத்தையும் நானே நிரப்பிவிட்டேன், அளவையும் கணக்குப் போட்டு இரண்டு பாட்டில் என்று எழுதிவிட்டேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்து மட்டும் போடு. ஒருவேளை நிஜமாகவே நீ ஊற்றவில்லை என்றாலும் போடு. நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. செய்யாததை ஒப்புக்கொள்வதும் செய்ததை ஒளிப்பதும் கிட்டத்தட்ட ஒரே அடக்கம்தான் என்று நினைத்துக்கொள்.

எனக்குப் பயமாக இருக்கிறது, வெய்க்கோ. காலையில் எழுந்து கொல்லையில் நிற்கிற பிர்ச் மரங்களை எண்ணுகிறேன், பத்துப் பதினைந்து வருஷம் எண்ணாமல் விட்டதை இப்போது எண்ணுகிறேன். நாற்பத்தாறு வருஷம் எய்லாவும் நானும் இந்த அடுப்புக்குப் பக்கத்தில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு குறையும் சொல்லாமல் குளிர்காலத்தைக் கழித்திருக்கிறோம். அவளை இந்த வயதில் ஒரு மூன்றாவது மாடியில் கொண்டுபோய் அடைப்பது பாவம். என்னால் தாங்க முடியும், அவளால் முடியாது.

மேரிக்கு என் அன்பு. உன் பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். கர்த்தர் உன் வீட்டையும் உன் முழங்காலையும் உன் டிரக்கின் பிஸ்டன் வளையங்களையும் காப்பாராக.

உன் கையெழுத்துக்காகக் காத்திருக்கும்,
ரெய்னோ

பி.கு.: தபால்தலை எய்லாவிடம்தான் இருக்கும். கேட்டேன். கடிதத்தைக் கொடு, படிக்காமல் ஒட்ட மாட்டேன் என்றாள். நின்றுகொண்டு படிக்க ஆரம்பித்தவள் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஃபாரத்தை எடுத்து நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வெய்க்கோ ஊத்தல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் ஊத்தினேன். ரெண்டு பாட்டில். கணக்கை சரியாத்தான் போட்டிருக்க."

பின்னல் பையில் நூல்கண்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தாளாம். மூன்று வீட்டிலும் நான் வெந்துகொண்டிருந்தபோது, நகம் வெட்டும் கத்தியால் ஸ்டிக்கரைத் தூக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, திரும்ப ஒட்டியிருக்கிறாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. வண்டிமேல் இரக்கப்பட்டுச் செய்தாயா என்று கேட்டேன்.

"நான் ஒரு மெக்கானிக் பொண்டாட்டி, ரெய்னோ. ஊத்தினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? நீ தோக்கணும்னுதான் ஊத்தினேன். எனக்கு அந்த மூணாவது மாடி வேணும். ஜன்னலுக்குக் கீழ மனுஷங்க நடந்து போறதைப் பாக்கணும். நவம்பர்லேருந்து ஏப்ரல் வரைக்கும் உன் மூஞ்சியை மட்டும் நாப்பத்தாறு வருஷம் பாத்தாச்சு. நல்ல மூஞ்சிதான். ஆனா போதும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன். என் தம்பியைப் பொய்க் கையெழுத்துப் போடச் சொல்லிட்டியே, அதான்."

அதற்குப் பிறகு நான் ஒரு மணி நேரம் கராஜில் அந்த ஓட்டைக்கு எதிரே நின்றேன். எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. உள்ளே வந்தபோது அவள் காப்பி போட்டு வைத்திருந்தாள். இரண்டு பேரும் குடித்தோம்.

ஆகவே உன் கையெழுத்து வேண்டாம். பனி கனக்கும் முன்னால் உன் டிரக்கைக் கொண்டு வா, பின்பக்கத் தடுப்பைக் கழற்றிவிட்டு வந்தால் அலமாரி கொள்ளும். அவளிடம் நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. நீ டிரக்கோடு வாசலில் வந்து நின்றால் அவளே புரிந்துகொள்வாள்.