மாடு பேசக் கூடாது

கல்வியின் மேன்மை எத்தகையது என்றால், மாட்டை நேரில் பார்த்துவிட்டால் மாட்டைப் பற்றிய கல்வி கெட்டுப்போகும். இந்தப் பேருண்மையைக் கண்டறிந்த பெருமை அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துக் கட்டர் க்ரீக் ஆரம்பப் பள்ளியையே சேரும். பள்ளிக்கு மூன்று பக்கமும் மேய்ச்சல் நிலம், நாலாவது பக்கம் தபால் ஆபீஸ். எனவே மூன்றாம் வகுப்பில் ‘எல்லைப்புறத்துக் கௌபாய் வாழ்க்கை’ என்ற பாடம் தொடங்கியதும், தலைமையாசிரியர் வெண்டல் ப்ரூயிட் முதல் காரியமாக ஜன்னல் திரைகளை இழுத்து மூட உத்தரவிட்டார். வெளியே மேயும் மாடுகள் பிள்ளைகளின் கவனத்தைக் கலைக்கின்றனவாம்.

அந்த மாடுகள் ராய்ஸ் டிபெட்ஸுடையவை. நாலு தலைமுறையாக மாடு வளர்க்கும் குடும்பம் என்பது அவருக்கு ஒரு தகுதியாகக் கருதப்படவில்லை. ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் அவரைப் பள்ளிக்கு வரச் சொல்லி ஆளனுப்பினார்கள். ராய்ஸ் வாசல் மிதியடியில் ரப்பர் பூட்ஸை ஆறு தடவை தேய்த்துவிட்டு உள்ளே போனார். ஏழாவது தடவையும் தேய்த்திருக்கலாம் என்பதுபோல ப்ரூயிட் தரையைப் பார்த்தார்.

"உக்காருங்க ராய்ஸ். உங்க பொண்ணு ட்ரூடி இந்த வருஷம் பதினாலு நாள் வரல."

"கன்னு போடுற சமயம் சார். அவ அம்மா காஸ்பர் டவுன்ல நர்ஸ் வேலைல இருக்கா. வீட்ல நானும் இவளும்தான். கன்னு உள்ள திரும்பிக்கிச்சுன்னா என் கை போகாது. இவ கை சின்னது."

ப்ரூயிட் தாளில் ‘குடும்பச் சூழல்’ என்று எழுதிக்கொண்டார்.

"பதினஞ்சாவது நாள் ஆச்சுன்னா மறுபடி மூணாம் கிளாஸ்தான். விதி அது. நான் போட்டதில்ல."

"இனிமே ஒரு நாளும் தவறாது சார்."

"அது மட்டுமில்ல. கௌபாய் பாடத்துல பரீட்சை வெச்சோம். இருபதுக்கு மூணு."

ராய்ஸ் விடைத்தாளை வாங்கிப் பார்த்தார். ‘கௌபாய் காலையில் எழுந்ததும் முதலில் செய்வது என்ன?’ என்ற கேள்விக்குச் சரியான விடை, ‘உதயசூரியனைப் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்வான்.’ ட்ரூடி எழுதியிருந்தது, ‘தண்ணித் தொட்டியில் ஐஸை உடைப்பான், பிறகு திட்டுவான்.’ கௌபாயின் உற்ற தோழன் யார் என்ற கேள்விக்குக் குதிரை என்று எழுதாமல் ‘வெல்டிங் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர்’ என்று எழுதியிருந்தாள். மதிப்பெண் கிடைத்த மூன்றும் அவளுடைய பெயர், வகுப்பு, தேதி ஆகியவற்றுக்காக.

"எல்லாம் சரியாத்தான சார் எழுதியிருக்கா?"

"அங்கதான் ராய்ஸ் பிரச்சினையே இருக்கு. வீட்டுச் சூழல் அவ படிப்பைப் பாதிக்குது."

ஆனாலும் கல்வித்துறை கருணை மிக்கது. வெள்ளிக்கிழமை ‘எல்லைப்புற நாள்’ விழா. மாநில அளவில் ‘வாழும் பாரம்பரியம்’ என்ற கேடயத்துக்குப் போட்டியிடும் விழா. அன்று பெற்றோர் ஒருவர் பங்கேற்று, பிள்ளையும் கடைசி மணி வரை இருந்தால், இருபதுக்கு மூன்று இருபதுக்குப் பதினைந்தாகிவிடும் என்றார் ப்ரூயிட். ராய்ஸுக்கு உயிர் வந்தது. மூன்றாம் வகுப்பை இரண்டு முறை படித்தவர் அவர். அந்த வெட்கம் மகளுக்கு வரக் கூடாது என்பதைத் தவிர அவருக்குக் கல்வித்துறையிடம் வேறு வேண்டுதல் இல்லை.

"கௌபாயா நானே வந்துடுறேன் சார்."

ப்ரூயிட் தொண்டையைச் செருமினார். "விழாக் குழு அதைப் பரிசீலிச்சுது. தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க விதைக் கம்பெனில குடுத்த துணித் தொப்பி போடுறீங்க. ரப்பர் பூட்ஸ். மாட்டை நாலு சக்கர பைக்ல போய் மடக்குறீங்க. பிள்ளைங்க குழம்பிடும். டுவைட் ஹார்க்கனைத் தேர்ந்தெடுத்திருக்கோம்."

"இன்சூரன்ஸ் டுவைட்டா? அவருக்குப் புல்லு பட்டாலே தும்மல் வருமே."

"மீசை இருக்கே. அகலத் தொப்பி இருக்கு, குஞ்சம் வெச்ச சட்டை இருக்கு."

"அப்ப எனக்கு என்ன வேஷம்?"

"மாடு."

பாதுகாப்புக் குழு ஏற்கெனவே கயிற்றைத் தடைசெய்து, வண்ணக் காகித நாடாவை அனுமதித்திருந்தது. நெருப்புக்குப் பதில் ஆரஞ்சுத் துணியும் மின்விசிறியும். குதிரைக்குப் பதில் நீச்சல் குளத்தில் மிதக்க விடும் நுரைக் குழாய். நிஜ மாடு சுகாதாரத்துக்குக் கேடு. ஆகவே ராய்ஸ்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே ஒத்திகைக்கு வரச் சொல்லிவிட்டதால், ராய்ஸ் கிடேரிகளுக்குத் தீவனம் போடாமலே ஓடி வந்தார். உடை தயாராக இருந்தது. கறுப்பு வெள்ளைத் திட்டு, இளஞ்சிவப்பு ரப்பர் கையுறையில் செய்த மடி, ஓட முடியாதபடி சேர்த்துத் தைத்த பின்னங்கால்கள்.

"இது பால் மாடு சார். கௌபாய் ஓட்டுற மாடே இல்ல."

ப்ரூயிட் விழாக் குறிப்பின் ஆறாவது பத்தியைச் சுட்டிக்காட்டினார். ‘மாடு பேசக் கூடாது’ என்று இருந்தது. வரிசையில் நின்றிருந்த ட்ரூடி அப்பாவைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின.

பத்து மணிக்கு விளையாட்டுத் திடலில் விழா தொடங்கியது. நடுவர்கள் வந்து அமர்ந்தார்கள். தீயணைப்பு நிலையத்திலிருந்து இரவல் வாங்கிய பழைய சைரன் ஒன்று மேடையில் இருந்தது. அதை ஒலித்து விழாவைத் தொடங்கிவைப்பதாக ப்ரூயிட் அறிவித்ததும், ராய்ஸுக்கு மாட்டு உடைக்குள் வேர்த்துக் கொட்டியது. குளிர்காலம் முழுவதும் அவர் பிக்கப் வண்டியில் சைரனைப் போட்டுத்தான் கிடேரிகளைத் தீவனத்துக்குக் கூப்பிடுவார். பனியில் எங்கே கிடந்தாலும் அந்தச் சத்தம் கேட்டால் ஓடி வந்துவிடும். அறுபதும் பசியோடு இருந்தன. நடுவில் இருந்தது நாலு கம்பி வேலி.

அவர் தத்தித் தத்தி மேடைக்குப் போனார். "சார், சைரன் மட்டும் வேண்டாம்."

"ராய்ஸ், மாடு பேசக் கூடாது."

"என் கிடேரிங்க காலைல தின்னல சார், அதுங்க இந்தச் சத்தத்துக்கு..."

"நடுவர்கள் பாக்குறாங்க. இன்னும் ஒரு வார்த்தை பேசுனீங்கன்னா உங்க பங்கேற்பு ரத்து. அப்புறம் ட்ரூடி மார்க்குக்கு நான் பொறுப்பில்ல."

ராய்ஸ் வரிசையில் நின்ற மகளைப் பார்த்தார். பிறகு ப்ரூயிட்டைப் பார்த்தார்.

"ம்மா," என்றார்.

சைரன் ஒலித்தது. முதலில் தரை அதிர்ந்தது, பிறகு வேலிக் கம்பி அறுந்த சத்தம் கேட்டது. அறுபது கிடேரிகள் திடலுக்குள் நுழைந்து தீவனம் எங்கே என்று தேடின. காகித நாடாவைத் தின்று பார்த்தன. ஆரஞ்சு நெருப்பை ஒன்று முழுசாக மென்றது. ப்ரூயிட் ஒலிபெருக்கியில், "யாரும் பதற வேண்டாம், இது பாடத்திட்டத்துல இல்ல," என்று அறிவித்துவிட்டு, பிள்ளைகளையும் நடுவர்களையும் உள்ளரங்கத்துக்கு விரட்டினார்.

எல்லைப்புறத்தின் அதிகாரபூர்வக் காவலரான டுவைட் அதற்குள் சறுக்குமரத்தின் உச்சியில் இருந்தார்.

"டுவைட், நீங்கதான கௌபாய், ஏதாவது பண்ணுங்க," என்று கதவிடுக்கிலிருந்து ப்ரூயிட் கேட்டுக்கொண்டார்.

"பண்ணலாம் சார். இது இயற்கைச் சீற்றமா, உடைமையாளர் அலட்சியமான்னு முதல்ல தெரிஞ்சாகணும்," என்று சொல்லித் தும்மினார் டுவைட்.

உடைமையாளர் பின்னங்கால் தடுக்கிக் குப்புற விழுந்து கிடந்தார். நாலைந்து கிடேரிகள் அவரைச் சூழ்ந்து நின்று, தங்களுள் இப்படி ஒன்று எப்போது சேர்ந்தது என்று முகர்ந்து பார்த்தன. ஒன்று அவருடைய ரப்பர் மடியை நக்கியது.

ட்ரூடி உள்ளே போகும் வரிசையை விட்டு வந்து அவர் தலைமாட்டில் நின்றாள். "அப்பா, தீவனக் கட்டி வண்டிலயே இருக்கா?"

"பின்னாடி மூட்டைல இருக்கு. நீ உள்ள போ கண்ணு. இன்னிக்குக் கடைசி மணி வரைக்கும் நீ இங்க இருக்கணும்."

"அதுங்க ரோட்டுக்குப் போயிடும்ப்பா. லாரி வரும்."

ட்ரூடி வண்டியில் ஏறி வாளியில் தீவனத்தை நிரப்பினாள். பிறகு வாளியை ஆட்டிக்கொண்டே, ஓடாமல், திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். சறுக்குமரத்தைத் தாண்டும்போது, "அங்கிள், கால மேல தூக்கிக்கோங்க, அந்தக் கறுப்புக் கிடேரி ஷூ லேசைத் தின்னும்," என்றாள். அறுபது கிடேரிகளும் அவள் பின்னால் அறுந்த வேலி வழியே வெளியே போயின. எட்டு வயதுப் பெண் கம்பியை முறுக்கிக் கட்டி முடிக்கும்போது, விழா நாள் என்பதால் மதியமே கடைசி மணி அடித்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. உடையைக் கிழித்துக்கொண்டு போய்ச் சேர்ந்த ராய்ஸ் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மகள் போட்ட முடிச்சை இழுத்துப் பார்த்தார், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

விழா மகத்தான வெற்றி என்று அறிக்கை போயிற்று. பத்து நாளில் கேடயம் வந்தது. டுவைட்டுக்குச் ‘சிறந்த கௌபாய்’ சான்றிதழ் வழங்கப்பட்டது. ராய்ஸுக்குப் பள்ளியிலிருந்து ஒரு படிவம் காத்திருந்தது.

"ட்ரூடி அனுமதி இல்லாம வளாகத்தை விட்டுப் போனா. பதினஞ்சாவது நாள்," என்றார் ப்ரூயிட். அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "உங்க பங்கேற்பும் செல்லாது. விழா முடியறதுக்கு முன்னாடியே மாடு கிளம்பிடுச்சு."

"அவ மாட்டை ஓட்டிட்டுப் போனா சார்."

"தெரியும். காரணத்துல அதைத்தான் எழுதியிருக்கேன். படிங்க."

ராய்ஸ் படித்தார். ‘மாணவி மாடுகளின் பின்னால் போய்விட்டார். கௌபாய் வாழ்க்கையைக் கற்பதில் ஆர்வம் இல்லை. மூன்றாம் வகுப்பை மீண்டும் பயிலப் பரிந்துரை.’

"பின்னால இல்ல சார். முன்னால போனா."

"திருத்திடலாம். பெற்றோர் குறிப்புன்னு கீழ ஒரு இடம் இருக்கு பாருங்க. அங்க எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

இப்படி ஒரு சாமானியனுக்கும் கருத்துச் சொல்ல இடம் விட்டுவைத்திருக்கும் பள்ளியை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ராய்ஸ் பேனாவை வாங்கி, மூன்றாம் வகுப்பை இரண்டு முறை படித்த கையெழுத்தில், நிதானமாக எழுதினார்.

‘என் மகள் அன்றைக்கு வந்திருந்தாள். பள்ளிக்கூடம்தான் வரவில்லை.’