உப்பில்லாத கூழ்

"நூத்தி எண்பது," என்று டாக்டர் கைப்பட்டையை அவிழ்த்தார். "உப்பை நிறுத்தினீங்களா இல்லையா?"

தேவகிக்குச் சுருக்கென்றது. உப்பு ஜாடியையே பரணில் ஏற்றியவள் அவள்.

அவள் கணவர் தாண்டவராயனுக்குச் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருப்பதைச் சென்னையில் படம் எடுத்துக் கண்டுபிடித்திருந்தார்கள். "வாய்க்கால் தூர்ந்தா கடைமடைக்குத் தண்ணி வராதில்ல? அந்த மாதிரி. தனக்கு ரத்தம் பத்தலைன்னு சிறுநீரகம் உடம்பு பூரா பிரஷரை ஏத்துது," என்றார் உத்திரமேரூர் டாக்டர்.

பஸ்ஸில் தேவகி கேட்டாள். "டீக்கடையில பஜ்ஜி துன்றீங்களா?"

"ஒண்ணே ஒண்ணு."

மறுநாளிலிருந்து அவர் மதியச் சாப்பாட்டுக்கு டீக்கடைத் தெருவழியே வரக்கூடாது என்றாகிவிட்டது. காலையிலேயே உப்பில்லாத கூழைத் தூக்குச்சட்டியில் ஊற்றி நிலத்துக்குக் கொடுத்தனுப்பினாள்.

அடுத்த மாதம் நூற்றுத் தொண்ணூறு.

"இனியும் எறங்கலைன்னா சென்னையில ஆபரேஷன்தான்," என்றார் டாக்டர்.

இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனிதரின் ஏப்பத்தை மோந்து பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டாள் தேவகி. தன்னை நினைத்தாலே கூச்சமாக இருந்தது, ஆனாலும் மோந்தாள். நிலத்தில் அவரோடு வேலை செய்யும் எல்லப்பனைப் பிடித்து விசாரித்தாள்.

"டீக்கடை பக்கமே வரலம்மா. உங்க கூழு ஒரு சொட்டு மிஞ்சறதில்ல," என்று முகத்தைச் சுளித்தான் அவன்.

அப்புறம் யாரைச் சந்தேகிப்பது? மாடு கட்ட வந்த எல்லப்பன் மனைவி சிட்டம்மாளிடம் உட்கார்ந்து அழுதாள். "வவுத்தைக் கீறுவாங்களாம்டி. பொழைச்சு வருவாரோ இன்னாவோ."

சிட்டம்மாள் கயிற்றை முடிந்துகொண்டிருந்தாள்.

மூன்றாம் மாதம் டாக்டர் இரண்டு தடவை காற்றடித்துப் பார்த்தார். "நூத்தி நாப்பது. ஆபரேஷன் இப்போதைக்கு வேணாம். மாத்திரையை வுடாதீங்க. உங்க கைப் பத்தியந்தாம்மா காப்பாத்துது."

திரும்பும்போது தேவகிக்கு வழியெல்லாம் வயல்கள் புதிதாகத் தெரிந்தன. தன் கையின்மேல் தனக்கே ஒரு மரியாதை வந்தது. பக்கத்தில் தாண்டவராயன் ஏனோ தலையைத் தூக்கவில்லை.

சாயங்காலம் கொட்டகைக்குத் தானே போய்ச் சொன்னாள். "ஆபரேஷன் வாணாமாம், சிட்டம்மா. எல்லாம் உப்பில்லாத கூழுதான்."

சிட்டம்மாள் சாணிக்கூடையை இறக்கிவைத்தாள்.

"நல்லதும்மா. அப்ப உங்க கூழுல மட்டும் ரெண்டு கல்லு உப்பு போடுங்க. ஐயா மாத்திக் குடிக்கிற எங்க வூட்டுக் கூழை நீங்க அழுத அன்னிலேர்ந்து நான்தான் உப்பில்லாம காச்சி அனுப்பறனே. உங்க கூழைக் குடிச்சிக்கினு எங்க வூட்டுக்காரருக்குத்தான் நாக்கு செத்துப் போயிக்கீது."