எட்டு லோடு குடித்த குழி

தண்ணீரைக் காணவில்லை.

ஒரு லாரித் தண்ணீர், முழுசாக ஆறாயிரம் லிட்டர், பதினோரு நிமிடத்தில் போன இடம் தெரியவில்லை. இளநிலைப் பொறியாளர் கையில் அளவுகோலோடு குழியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈரக் கூழாங்கற்களை முறைத்துக்கொண்டிருந்தாள். அளப்பதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

"அவ்வளவு தாகமா அதுக்கு?" என்றாள், வாசல் கேட்டில் சாய்ந்து நின்ற அவளுடைய அக்கா.

"குடிக்கத்தான் வெட்டினேன்க்கா. ஆனா இப்படி மடக்கு மடக்குனு குடிக்கக் கூடாது."

தெருவே அவள் வரைந்த திட்டம். மழை பெய்தால் தண்ணீர் வீடுகளுக்குள் எட்டிப் பார்க்காமல், சாலையோர மழைக்குழிகளில் இறங்கி, செடி வேர், மணல், ஜல்லி என்று ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டு நிதானமாக மண்ணுக்குள் போக வேண்டும். அலுவலக விதிப்புத்தகப்படி ஒரு லாரித் தண்ணீர் இறங்க ஒரு நாளுக்கு மேல் ஆகக் கூடாது. மேலே போனால் கொசு வளரும். ஒரு மணி நேரத்துக்குக் குறையவும் கூடாது. குறைந்தால் அடியில் எங்கோ ஓட்டை என்று அர்த்தம்.

மாலை நான்கு மணிக்குத் தலைமைப் பொறியாளர் சோதனை பார்க்க வருகிறார். தேறினால் குழிகள் நிற்கும், அவளும் இந்த வேலையில் நிற்பாள். தேறாவிட்டால் குழிகளை மூடி சிமெண்ட் வாய்க்கால் போட்டுவிடுவார்கள். அவள் பழையபடி புகார்ப் பிரிவுக்குப் போய், சாக்கடை அடைத்துக்கொண்டது என்று கத்துகிறவர்களுக்கெல்லாம் "பதிவு பண்ணிக்கிட்டோம்" என்று ஃபோனில் பதில் சொல்ல வேண்டும். மூன்று வருஷம் அதைச் சொன்னவள்.

அக்காவின் கணவர் வெளியே வந்தார். அவருடைய கார் நின்ற இடத்தில்தான் இப்போது குழி இருக்கிறது. அந்தத் துக்கம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார். அவர் எப்போது, எதைச் சொன்னார் என்பது யாருக்கும் நினைவில் இல்லை.

"அளக்கறதுல ஏதாவது தப்பா இருக்கும் அத்தான். இன்னொரு தடவை ஊத்திப் பாத்துடலாம்" என்று சமாளித்துவிட்டு, லாரி ஓட்டுநரிடம் போனாள். "அண்ணே, இன்னொரு லோடு வேணும்."

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். "நீரேற்று நிலையத்துல கியூ கட்டி நிக்குது மேடம். முதல் லோடுக்கே ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு. சரி, இருங்க, பக்கத்துல எங்கயாவது பாத்துக் கொண்டு வர்றேன்."

நல்ல மனிதர். இருபதே நிமிடத்தில் வந்துவிட்டார். இரண்டாவது லோடு ஒன்பது நிமிடத்தில் உள்ளே போனது.

இந்த மண்ணை அவளே தோண்டிப் பார்த்திருக்கிறாள். பானை செய்யலாம் போலக் களிமண். அதில் தண்ணீர் இறங்குவதற்கு ஒரு நாள் போதுமா என்பதுதான் நேற்றுவரை அவள் கவலை. இப்போது கவலை தலைகீழாகிவிட்டது.

சரி, வேகத்தைக் குறைக்கலாம் என்று நான்கு கூடை மக்கிய உரத்தையும் இரண்டு கூடை செம்மண்ணையும் கொட்டி, காலால் மிதித்துச் சமன் செய்தாள். மூன்றாவது லோடு வந்தது. குழி "களக்" என்று ஒரு ஏப்பம் விட்டு, தண்ணீரோடு உரத்தையும் மண்ணையும் சேர்த்து விழுங்கியது. ஆறு நிமிடம்.

இந்த ஏப்பம்தான் தெருவை எழுப்பியது. அடுத்த வீட்டு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் காதில் சொருகிய பென்சிலோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"மூணு லோடு. பதினெட்டாயிரம் லிட்டர். அதாவது பதினெட்டு டன்" என்று நிறுத்தினார். கூட்டம் காத்திருந்தது. "பதினெட்டு டன் தண்ணி நம்ம வீடுகளுக்கு அடியில எங்கயோ போய் உக்காந்திருக்கு."

அவ்வளவுதான். வாத்தியாரின் மனைவி உள்ளே ஓடி, தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்துப் பார்த்துவிட்டு, "மேற்கால உருளுது!" என்று கத்தினாள். ஆளாளுக்கு வீட்டுக்குள் ஓடி, கோலி இல்லாதவர்கள் எலுமிச்சம்பழத்தை உருட்டிப் பார்த்தார்கள். நான்கு வீடுகளில் மேற்கே உருண்டது. மூன்று வீடுகளில் கிழக்கே.

"அப்படின்னா தெரு நட்ட நடுவுல பொளக்குது" என்று வாத்தியார் கணக்கை முடித்தார்.

எதிர்வீட்டார் தையல் மிஷினை வெளியே தூக்கி வந்தார்கள். அத்தான் டிவியைக் கழற்றிக் காரின் பின்சீட்டில் வைத்து, அதற்கு சீட் பெல்ட்டும் போட்டார். மனைவியைக் கூப்பிட அவருக்கு இன்னும் தோன்றவில்லை.

அக்கா தங்கையைத் தனியே இழுத்துப் போனாள். "ஏன்டி, எங்கிட்ட மட்டும் உண்மையச் சொல்லு. வீடு இறங்குதா?"

"தெரியலக்கா."

"தண்ணி எங்க போகுது?"

"அதுவும் தெரியல."

"இன்ஜினியருக்குப் படிச்சவ பேசற பேச்சா இது? தெருவுல வீடு வீடா ஏறி, என் தங்கச்சி போட்ட பிளான்னு சொல்லிக் கையெழுத்து வாங்கிக் குடுத்தேனே!"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அந்தத் தண்ணீரும் குழிக்குள் போய்விடும் என்ற பயத்தில் அடக்கிக்கொண்டாள்.

மணி மூன்று. இனி ஒரே வழிதான் என்று ஓட்டுநரிடம் ரகசியமாகச் சொன்னாள். "அண்ணே, இந்தத் தடவை வால்வை லேசா திறந்து விடுங்க. நூல் மாதிரி. ஒரு மணி நேரம் ஓடணும்."

ஓட்டுநர் தலையாட்டிவிட்டுப் போய், இந்த முறை கால் மணி நேரத்திலேயே திரும்பினார். வால்வைத் திறந்ததும் தண்ணீர் டீ நிறத்தில் இறங்கியது.

"என்னண்ணே இது, இவ்வளவு கலங்கலா இருக்கு?"

"எடுக்கிற இடத்துல இப்பதான் இப்படி வருது மேடம். முதல்ல நல்லாத்தான் இருந்துச்சு."

தண்ணீரின் நிறத்தைப் பார்க்க நேரமில்லை. ஏனென்றால், நான்கு மணிக்கு வர வேண்டிய தலைமைப் பொறியாளர் மூன்றரைக்கே வந்து, காரிலிருந்து இறங்கும்போதே சத்தம் போட்டார்.

"என்னம்மா இது, சாமிக்கு அபிஷேகமா பண்றீங்க? மழை நம்மளைக் கேட்டுக்கிட்டா பெய்யும்? முழுசாத் திறங்க!"

ஓட்டுநர் திறந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "களக்" என்று குழி ஏப்பம் விட்டது. ஐந்து நிமிடம். முடிந்தது கதை, புகார்ப் பிரிவு ஃபோன் காதுக்குள் மணியடித்தது.

கண்ணைத் திறந்தால் தலைமைப் பொறியாளர் குழியோரம் மண்டியிட்டிருந்தார். முகமெல்லாம் பல்.

"இன்னொரு லோடு" என்றார், இரண்டாவது தடவை சாப்பாடு கேட்கிறவரைப் போல.

ஐந்தாவது வந்தது, போனது. ஆறாவது வந்தது, போனது. லாரி போன வேகமும் வந்த வேகமும் சொல்லி முடியாது. ஏழு. எட்டு. வாத்தியார் பென்சிலை எடுத்து, "நாப்பத்தெட்டாயிரம் லிட்டர்!" என்று அறிவித்தார்.

அவள் மனசாட்சி கேட்கவில்லை. "சார், விதிப்புத்தகத்துல ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாதுன்னு..."

"அந்தப் புத்தகத்தை எழுதினதே நான்தாம்மா. இப்படி ஒரு குழியைப் பாக்காம எழுதிட்டேன். திருத்திடலாம்."

"அடியில ஏதாவது..."

"அடக்கம் வேணும்தான், அதுக்காக இவ்வளவு வேண்டாம்" என்று அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, ஊரிலுள்ள எல்லா வாய்க்கால்களையும் வர்ற மாசத்துக்குள் மூடிவிட்டுத் தெருவுக்குத் தெரு இதே மாதிரிக் குழிதான் என்றார். அந்த வேலை முழுவதற்கும் இந்தப் பெண்தான் பொறுப்பு என்றும், நாளை காலை உத்தரவு கையெழுத்தாகும் என்றும் சொன்னார்.

தெரு கைதட்டியது. தையல் மிஷின் உள்ளே போனது. எலுமிச்சம்பழங்களைப் பிழிந்து எல்லோருக்கும் ஜூஸ் வந்தது. அத்தான் டிவியின் சீட் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே, "என் கொழுந்தியா ஆச்சே. நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

அக்கா அவள் தோளைக் கட்டிக்கொண்டு காதில் கேட்டாள். "இப்பவாவது தெரிஞ்சுதா, தண்ணி எங்க போகுதுன்னு?"

"எங்க போனா என்னக்கா" என்றாள் அவள். தலைக்குள் குழப்பம் அப்படியேதான் இருந்தது. ஆனால் மூன்று வருஷத்துக்குப் பிறகு அவளுக்கு முதல் முறையாக நிம்மதியாக மூச்சு வந்தது. தெரியாத விஷயம் ஒன்று ஒழுங்காக வேலை செய்யும்போது அதை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்?

தலைமைப் பொறியாளர் போகிற போக்கில் லாரியருகே நின்று, ஓட்டுநரின் முதுகில் தட்டினார்.

"உங்களையும் பாராட்டணும்பா. இந்த வறட்சியில, ஒரு மதியத்துல எட்டு லோடு தண்ணி! எங்கதான் புடிச்சீங்க?"

"எட்டு லோடு எங்க சார், எல்லாம் அந்த ஒரே லோடுதான்" என்றார் ஓட்டுநர், லாரியைக் கிளப்பிக்கொண்டே. "பின்தெரு முனையில ஒரு பழைய தொட்டி கெடக்குது, நீங்க இங்க ஊத்த ஊத்த அது அங்க ரொம்புது, நானும் சுத்திப் போய் உறிஞ்சிட்டு வந்துடறேன். ஒன்பதாவது இந்நேரம் ரெடியா இருக்கும், கொண்டு வரட்டுமா?"